பிப்பெட் தருவது 1000 மைக்ரோலிட்டர்தானா? பத்து ரீடிங்கில் சராசரியைச் சோதிக்கும் செய்முறை

வேலை இதுதான். 1000 மைக்ரோலிட்டர் (இனி மை.லி.) என்று எழுதிய காற்றுத்தம்ப மைக்ரோபிப்பெட் ஒன்று, அதாவது பிஸ்டனுக்கும் நீருக்கும் இடையே காற்று நிற்கும், சிறு அளவு நீர்மத்தை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கருவி. அது ஒவ்வொரு அழுத்தலிலும் வெளியேற்றும் நீரின் சராசரி 1000தானா என்று எடைபோட்டுச் சோதிக்க வேண்டும். தேவையானவை: 0.1 மி.கி. வரை காட்டும் தராசு, காய்ச்சி வடித்த நீர், தராசுக்குள் வைக்கச் சிறிய எடைக்குப்பி, 0.1 டிகிரி வரை காட்டும் வெப்பமானி, 1 கிராம் தர எடைக்கல், அந்த பிப்பெட்டுக்கு உரிய டிப்கள் (அதன் நுனியில் செருகும் சிறு குழல்கள்). பின்வரும் பத்து ரீடிங்குகளும் கணக்கைக் கையாலேயே சரிபார்க்க வசதியாக எடுத்துக்கொண்டவை. ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

தராசைத் தொடுவதற்கு முன்பே இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதிவிட வேண்டும். முதலாவது, முழுமைத்தொகுதி எது என்பது. இந்த ஒரு பிப்பெட், இந்த வகை டிப், இந்த ஒரு கை, இந்த அறை: இவை மாறாமல் அழுத்திக்கொண்டே போனால் கிடைக்கும் அத்தனை அளவுகளும் சேர்ந்ததுதான் இங்கே தொகுதி. பத்து ரீடிங்கும் அதிலிருந்து எடுத்த கூறு (மாதிரி). முடிவும் அந்தத் தொகுதிக்கு மட்டுமே பொருந்தும். அலமாரியில் இருக்கும் மற்ற பிப்பெட்டுகளைப் பற்றி இந்தப் பத்து ரீடிங் ஒன்றும் சொல்லாது. பத்து பிப்பெட்டில் பத்துப் பத்து ரீடிங் எடுத்துவிட்டு 'கூறளவு 100' என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பிப்பெட்டுகளின் பொதுச் சராசரியைக் கேட்டால் கூறளவு 10தான். ஒரே பிப்பெட்டின் பத்து ரீடிங்குகள் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள். அவற்றைத் தனித்தனி சாட்சிகளாக எண்ணக் கூடாது.

இரண்டாவது, கேள்வி. இதைப் பலரும் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள், பிறகு மொத்தக் கணக்கும் தடம் மாறிவிடுகிறது. 'சராசரி மிகச் சரியாக 1000ஆ?' என்பது ஒரு கேள்வி. 'சராசரி 1000-இலிருந்து விலகினாலும், அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா?' என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் சோதனை வேறு. ஒரே ரீடிங்குகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்கு 'இல்லை' என்றும் மற்றதற்கு 'ஆம்' என்றும் பதில் வரலாம். கீழே அப்படித்தான் வரப்போகிறது. பிப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 தரநிலை, 1000 மை.லி. ஒற்றைத்தட பிப்பெட்டுக்கு முறைசார் பிழையில் (சராசரி 1000-இலிருந்து விலகுவது) ±8 மை.லி. வரையும், தற்செயல் பிழையில் (ரீடிங்குகளின் சிதறல்) 3 மை.லி. வரையும் இடம் தருகிறது. இந்த 8, 3 இரண்டையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

சிறப்புகாண் மட்டம், அதாவது சரியான பிப்பெட்டைத் தவறாக மறுக்க நாம் இடம்தரும் வாய்ப்பு, 5 சதவீதம். சோதனை இருபுறம், ஏனென்றால் கூடுதலும் கோளாறுதான், குறைவும் கோளாறுதான். ரீடிங்கைப் பார்த்த பிறகு 'குறைவாகத்தானே வருகிறது, ஒருபுறச் சோதனையே போதும்' என்று மாற்றினால், 5 சதவீதம் என்று சொல்லிக்கொண்டு 10 சதவீதத்தில் சோதிப்பதாக ஆகிவிடும்.

இனி எத்தனை ரீடிங் என்பது. இதே பிப்பெட்டின் பழைய பதிவில் திட்ட விலக்கம் (ரீடிங்குகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 1.07 மை.லி. என்று வைத்துக்கொள்வோம். 1 மை.லி. விலகலை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டும் என்றால், 1.96-ஐயும் (இருபுறம் 5 சதவீதத்துக்கான அட்டவணை எண்) 0.84-ஐயும் (80 சதவீத வாய்ப்புக்கானது) கூட்டி 1.07-ஆல் பெருக்கி, பிடிக்க வேண்டிய விலகலால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தினால் 9 வரும். திட்ட விலக்கத்தையும் அதே கூறிலிருந்து மதிப்பிடுவதால் இன்னும் இரண்டைச் சேர்த்து 11 என்று கொள்ளலாம். அரை மை.லி. விலகலைப் பிடிக்க ஆசைப்பட்டால் அது 38 ஆகிவிடும். பிடிக்க வேண்டிய விலகல் பாதியானால் ரீடிங் ஏறக்குறைய நான்கு மடங்கு. ±8 எல்லையோடு ஒப்பிட இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், பத்து தாராளம்.

இப்போது தராசு. அது சூடேறி நிலைக்க, உற்பத்தியாளர் சொல்லும் நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். பிறகு 1 கிராம் எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தராசு 1.0004 காட்டினால் 0.4 மி.கி. கூடுதலாகச் சொல்கிறது என்று பொருள். பத்து ரீடிங் சராசரியின் திட்டப் பிழையே (அந்தச் சராசரி தற்செயலாக ஆடும் அளவு) 0.34 மை.லி.தான் வரப்போகிறது, தராசின் பிழை அதைவிடப் பெரிது. நாம் செய்யப்போகும் டி சோதனைக்கு (சராசரியின் விலகலைத் திட்டப் பிழையால் வகுத்துப் பார்ப்பது) ரீடிங்குகளின் சிதறல் மட்டுமே தெரியும். எல்லா ரீடிங்கையும் ஒரே அளவு நகர்த்தும் பிழை அதன் கண்ணில் படாது. அந்தப் பழியையும் தூக்கி பிப்பெட்டின் மேல் போட்டுவிடும்.

நீர், பிப்பெட், டிப், எடைக்குப்பி எல்லாம் ஒரே அறையில் சில மணி நேரம் ஒன்றாக இருந்து ஒரே வெப்பநிலைக்கு வர வேண்டும். குழாயிலிருந்து அப்போதுதான் பிடித்த நீரை எடுத்தால் கணக்கு சரிவராது. அடுத்து, ஆவியாதல். குப்பியில் நீர் ஊற்றித் தராசில் வைத்து, பிப்பெட்டைத் தொடாமல், ஒரு ரீடிங்குக்கு ஆகும் நேரத்தைப் போலப் பத்து மடங்கு காத்திருந்து எடை எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். அதைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கான ஆவியிழப்பு. அதை ஒவ்வொரு ரீடிங்கோடும் கூட்ட வேண்டும். குறுகிய வாயுள்ள குப்பியும், அதன் அடியில் முன்கூட்டியே கொஞ்சம் நீரும் இருந்தால் இழப்பு குறைவு, சீராகவும் இருக்கும். கீழே உள்ள எண்கள் இந்தத் திருத்தம் செய்த பிறகு வந்தவை.

டிப்பைப் பொருத்தி ஐந்து முறை நீரை உறிஞ்சி வெளியேற்றி நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த டிப்பின் முதல் ரீடிங் பெரும்பாலும் மற்றவற்றோடு ஒட்டாது: உட்சுவரில் படலமாக நீர் தங்கிவிடும், உள்ளிருக்கும் காற்றும் இன்னும் ஈரமேறியிருக்காது. பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, டிப் நுனி நீரில் சில மில்லிமீட்டர் மட்டும் இறங்கியிருக்க, பிஸ்டனை மெல்ல விடுங்கள். ஒரு நொடி நிறுத்தி, நுனியைப் பாத்திரச் சுவரில் தொட்டு எடுங்கள். அதிகம் இறக்கினால் டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிய நீரும் குப்பிக்குள் வந்து சேரும். வெளியேற்றும்போது குப்பியின் உட்சுவரில் நுனியைச் சாய்த்துத் தொட்டு, இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி, அழுத்தியபடியே மேலே எடுங்கள். ரீடிங்குகளுக்கு இடையே பிப்பெட்டைக் கையிலேயே வைத்திருக்காமல் தாங்கியில் வையுங்கள். உள்ளங்கைச் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, அளவு மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்.

ரீடிங்குகள், எடுத்த வரிசையிலேயே, மில்லிகிராமில்:

994.9, 995.6, 993.8, 992.7, 995.1, 995.2, 996.0, 994.2, 994.4, 993.1

வரிசையைக் கலைக்காதீர்கள். சராசரியைக் கணக்கிடும் முன் இதை வரைபடத் தாளில் புள்ளிகளாக இட்டுப் பாருங்கள். ஏறுமுகமா, இறங்குமுகமா, ஒரு புள்ளி தனியாக நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இங்கே முதல் ஐந்தின் சராசரி 994.42, பின் ஐந்தின் சராசரி 994.58. சரிவு எதுவும் இல்லை. அடுத்தடுத்த ரீடிங்குகளுக்கு இடையேயான ஒட்டுறவு (ஒன்று ஏறினால் அடுத்ததும் ஏறும் போக்கு; 0 என்றால் இல்லை, 1 என்றால் முழுமை) 0.10, கவலைப்பட ஒன்றுமில்லை. அது 0.5 அளவுக்கு நீடிப்பதாகத் தெரிந்தால் நிலைமை வேறு. அப்போது சராசரியின் மாறுபாடு (திட்டப் பிழையின் வர்க்கம்) வழக்கமான வாய்ப்பாடு தருவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, திட்டப் பிழை 1.73 மடங்கு. டி மதிப்பு வெளியே பெரிதாகத் தெரியும், உள்ளே அவ்வளவு சரக்கு இருக்காது. டி சோதனையின் நிபந்தனைகளில் இயல்நிலைப் (மணி வடிவப்) பரவலைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். பத்து ரீடிங்கில் லேசான கோணலை இந்தச் சோதனை தாங்கிக்கொள்ளும். ரீடிங்குகள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உடைந்தால் தாங்காது.

எடையைக் கன அளவாக்க இசட் காரணி வேண்டும். 22 டிகிரி செல்சியஸில், இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் அது 1 மி.கி.க்கு 1.0033 மை.லி. நீரின் அடர்த்தி 1-ஐ விடக் கொஞ்சம் குறைவு, காற்றின் மிதப்பு எடையைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும்; இரண்டும் சேர்ந்ததே இந்த எண். 20 டிகிரியில் 1.0029, 25 டிகிரியில் 1.0040. இந்தச் சின்னத் திருத்தத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? மொத்தம் 9945.0, சராசரி 994.50 மி.கி. அதையே அப்படியே மை.லி. என்று கொண்டால் விலகல் 5.5. காரணியால் பெருக்கினால் 997.78, விலகல் 2.22. பாதிக்கு மேற்பட்ட 'கோளாறு' பிப்பெட்டில் இல்லை, மறந்துபோன காரணியில் இருந்தது. வெப்பமானி ஒரு டிகிரி தவறினால் சுமார் 0.2 மை.லி. நகரும், அதுவும் திட்டப் பிழையின் பாதிக்கு மேல்.

விலகல்களின் வர்க்கக் கூடுதல் 10.26. அதை 9-ஆல் வகுத்தால் 1.14, அதன் வர்க்கமூலம் 1.068 மி.கி., காரணியால் பெருக்கினால் திட்ட விலக்கம் 1.071 மை.லி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விரிதாள்களில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு சார்புகள் உண்டு. ஒன்று கூறளவால் வகுக்கும், மற்றது கூறளவில் ஒன்று குறைத்து வகுக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. மாற்றிப் போட்டால் திட்ட விலக்கம் 1.016 ஆகச் சுருங்கி, டி மதிப்பு 6.55-க்குப் பதில் 6.90 என்று வரும். இரண்டும் நம்பும்படியாகவே இருப்பதால் தவறு கண்ணில் படாது.

திட்டப் பிழை: 1.071-ஐப் பத்தின் வர்க்கமூலமான 3.162-ஆல் வகுத்தால் 0.339. டி மதிப்பு: −2.218 வகுத்தல் 0.339, அதாவது −6.55. கட்டின்மைக் கூறு (ரீடிங் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9, இருபுறம் 5 சதவீதத்துக்கு அட்டவணை எல்லை 2.262. எல்லையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. பி மதிப்பு, அதாவது சராசரி உண்மையில் 1000 ஆக இருந்தும் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.001-ஐ விடச் சிறியது. சராசரி 1000 என்ற இன்மைக் கருதுகோளை (மறுக்க முடிகிறதா என்று பார்க்கும் தொடக்க அனுமானத்தை) மறுக்கிறோம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி இருக்கக்கூடிய வீச்சு) 997.02 முதல் 998.55 வரை.

எல்லைக்கு ஏன் 1.96 போடக் கூடாது? திட்ட விலக்கம் முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருந்தால் போடலாம். பத்து ரீடிங்கிலிருந்து அதையும் மதிப்பிட்டுக்கொண்டு 1.96-ஐ வைத்தால், உண்மையில் சரியாக இருக்கும் பிப்பெட்டைத் தவறாக மறுக்கும் வாய்ப்பு 5 அல்ல, ஏறக்குறைய 8 சதவீதம். மூன்று ரீடிங்கோடு நிறுத்தியிருந்தால் 19 சதவீதம். டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சின்னக் கூறுகளின் சிக்கலைத்தான் தீர்த்தது. 3000 பேரின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகளாகப் பிரித்து, தான் கண்ட பரவல் பொருந்துகிறதா என்று சரிபார்த்தார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த அந்த உழைப்பு இன்றைக்கும் மலைக்க வைக்கிறது.

மறுத்தாயிற்று. பிப்பெட்டைப் பழுதுக்கு அனுப்பலாமா? வேண்டாம். மறுத்தது 'மிகச் சரியாக 1000' என்பதை மட்டுமே. எந்த பிப்பெட்டும் மிகச் சரியாக 1000 தராது. போதுமான ரீடிங் எடுத்தால் உலகில் உள்ள அத்தனை பிப்பெட்டையும் இந்தச் சோதனை மறுத்துவிடும். சிதறல் குறைவான நல்ல பிப்பெட்டைத்தான் முதலில் மறுக்கும் என்பது இதில் வருத்தமான விஷயம். நல்ல கருவியை இப்படித் தண்டிக்கும் கேள்வியை விட்டுவிட்டு, நமக்கு உண்மையில் வேண்டிய கேள்விக்கு வருவோம்: சராசரி 992-க்கும் 1008-க்கும் இடையில் இருக்கிறதா?

இதற்குச் சுமையைத் திருப்பி வைக்க வேண்டும். 'எல்லைக்கு வெளியே இருக்கிறது' என்பதையே இன்மைக் கருதுகோளாக வைத்து, அதை மறுக்கும் பொறுப்பை ரீடிங்குகளிடம் விடுகிறோம். ஒருபுறச் சோதனைகள் இரண்டு. கீழ் எல்லைக்கு: 997.78-இலிருந்து 992-ஐக் கழித்து 0.339-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17. மேல் எல்லைக்கு: 1008-ஐக் கழித்து வகுத்தால் −30. ஒருபுறம் 5 சதவீதத்துக்கு எல்லை 1.833. இரண்டுமே தாராளமாகத் தாண்டுகின்றன. சுருக்கு வழியும் உண்டு: 90 சதவீத நம்பிக்கை இடைவெளி 997.16 முதல் 998.40 வரை, அது முழுவதும் 992-க்கும் 1008-க்கும் உள்ளே அடங்கினால் தேர்ச்சி. சிதறலும் 1.07, அனுமதி 3. பிப்பெட் நல்ல நிலையில் இருக்கிறது.

இந்த முறையில் சோம்பலுக்குப் பரிசு கிடையாது. மூன்று ரீடிங்கோடு நிறுத்தினால் இடைவெளியின் அரை அகலம் 1.8 மை.லி. ஆகிவிடும், விலகல் 6.2-க்குள் வந்தால்தான் தேர்ச்சி. பத்து ரீடிங்கில் அரை அகலம் 0.62, விலகல் 7.4 வரை வந்தாலும் தேறும். வழக்கமான டி சோதனையில் இது தலைகீழ். ரீடிங் குறைவாக, கை கோணலாக இருந்தால் அங்கே 'மறுக்க ஆதாரம் இல்லை' என்று எளிதாகத் தப்பிக்கலாம்.

அதை நேரில் காட்ட ஒரு ரீடிங்கை மட்டும் கெடுத்துப் பார்ப்போம். பத்தாவது அழுத்தலில் டிப்புக்குள் காற்றுக் குமிழி புகுந்து 993.1-க்குப் பதில் 970.0 வந்தது என்று வையுங்கள். சராசரி 995.46 மை.லி.க்கு இறங்குகிறது, விலகல் 2.22-இலிருந்து 4.54 ஆகிறது, இரண்டு மடங்கு. டி மதிப்பும் கூட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் திட்ட விலக்கம் 1.07-இலிருந்து 7.88-க்குத் தாவிவிட்டது. திட்டப் பிழை 2.49. டி மதிப்பு −1.82. எல்லை 2.262-க்குள் அடங்கிவிட்டது. நிலைமை மோசமானபோது சோதனை 'மறுக்க முடியவில்லை' என்கிறது! பலர் இதை '1000தான் என்று நிரூபணமாயிற்று' என்று எழுதிவிடுவார்கள். 95 சதவீத இடைவெளியைப் பாருங்கள்: 989.8 முதல் 1001.1 வரை. 1000 அதற்குள் இருக்கிறது, 990-ம் இருக்கிறது. 90 சதவீத இடைவெளி 990.9-இலேயே தொடங்குவதால் எல்லைச் சோதனை இதைத் தேற விடாது. சிதறலும் 3-ஐத் தாண்டிவிட்டது. மறுக்க முடியாமல் போனதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

அந்த 970-ஐ நீக்கலாமா? குமிழியைக் கண்ணால் பார்த்து, எடையைப் படிக்கும் முன்பே தாளில் 'குமிழி' என்று குறித்திருந்தால் நீக்கி, மறு ரீடிங் எடுங்கள். இரண்டையும் பதிவில் விட்டுவையுங்கள். எண்ணைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது என்றால் நீக்காதீர்கள். டிப் பொருத்தம், வளைய முத்திரை (காற்று கசியாமல் அடைக்கும் வளையம்), டிப் செருகும் கூம்பில் விரிசல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பத்தையும் புதிதாக எடுங்கள். பத்தில் ஒரு முறை காற்று இழுக்கும் பிப்பெட் என்றால் அந்த 970-ம் அதன் தொகுதியைச் சேர்ந்த உண்மையான உறுப்பினர்தான்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். இரண்டு ரீடிங் எடுப்பது, பி மதிப்பைப் பார்ப்பது, இன்னும் இரண்டு எடுப்பது, மறுபடி பார்ப்பது. சம இடைவெளியில் ஐந்து முறை இப்படிப் பார்த்து, 0.05-க்குக் கீழே வந்த இடத்தில் நிறுத்தினால், தவறாக மறுக்கும் வாய்ப்பு 5-இலிருந்து ஏறக்குறைய 14 சதவீதமாகிவிடும். பத்து என்று முடிவு செய்தால் பத்தையும் எடுத்து முடித்த பிறகே கணக்கு.

அறிக்கையில் எழுத வேண்டியது: 'ஒரு பிப்பெட், ஒருவர், ஒரே டிப், 10 ரீடிங், 22 டிகிரி, இசட் காரணி 1.0033. சராசரி 997.78 மை.லி., திட்ட விலக்கம் 1.07. 1000-இலிருந்து விலகல் −2.22, 95 சதவீத இடைவெளி −2.98 முதல் −1.45 வரை. ±8 எல்லைக்குள் இருப்பது 5 சதவீத மட்டத்தில் உறுதி.' பி மதிப்பை மட்டும் எழுதி விலகலை விட்டுவிட்டால், படிப்பவர் 8-ஐ எதனோடு ஒப்பிடுவார்?

எல்லைக்குள் இருந்தாலும் அந்த 2.2-ஐயும் சரிசெய்தே ஆக வேண்டும் என்ற வேலை உண்டு. தரக் கரைசல் தயாரிப்பில் அது நேராகச் செறிவில் போய் உட்காரும். அப்போது திருத்தும் திருகை உற்பத்தியாளர் சொன்ன திசையில் திருப்பி, டிப்பை மாற்றி, மீண்டும் ஐந்து முறை நனைத்து, புதிதாகப் பத்து ரீடிங் எடுங்கள். பழைய பத்தைப் புதியவற்றோடு சேர்த்து இருபது ஆக்காதீர்கள். திருகைத் திருப்பியதுமே முழுமைத்தொகுதி மாறிவிட்டது. புதிய ரீடிங்குகளுக்குப் புதிய பக்கம், மேல் ஓரத்தில் மறுபடியும் 8, 3.